எட்டாம் நம்பர் பீரோ

மூக்குப்பொடி போடுகிறவர்கள் மேல் எனக்குத் தனி விரோதம் எதுவும் கிடையாது. தாராளமாகப் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் போட்ட விரலை எதில் துடைக்கிறார்கள் என்பதில்தான் ஆளின் தரம் தெரிகிறது. எங்கள் மானேஜர் சாம்பசிவன் கதவுக் கைப்பிடியில் துடைப்பார். டெலிபோனில் துடைப்பார். நான் கார்டு அடிக்கிற மெஷினின் ஓரத்தில் பழுப்பாக ஒரு கோடு உண்டு. அதுவும் அவர் உபயம்தான். நின்று பேசிக்கொண்டே தடவிவிட்டுப் போவார். கைக்குட்டை இல்லாமல் இல்லை. அந்தக் கைக்குட்டையைப் பார்த்தவர்கள், அவர் கதவிலேயே துடைக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

ஆபீஸ் குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டின் மேலேயே இருந்தது. நான் சொல்வது எழுபத்து நாலாம் வருஷத்துச் சங்கதி. கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் என்ன தெரியும்? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏ.சி. போட்ட அறையில் அது இருந்தது. இந்தப் பக்கம் காற்றாடிக்குக் கீழே நாங்கள் ஐந்து பெண்கள், அது படிப்பதற்காக விவரங்களை அட்டையில் துளை துளையாகக் கார்டு அடித்துக்கொண்டிருந்தோம். ஜன்னலைத் திறந்தால் தோல் பதனிடுகிற இடத்து நாற்றம். மூடினால் மானேஜரின் பொடி நெடி. இரண்டில் எது தேவலை என்று தினமும் எங்களுக்குள் ஓட்டெடுப்பு நடக்கும். பெரும்பாலும் தோல்தான் ஜெயிக்கும்.

என் பெயர் லோகநாயகி. வீட்டுக்காரர் காலமாகி அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது. காலையில் மானேஜர் உள்ளே நுழையும்போது நான் எதிரே வந்துவிட்டால், திரும்பிப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வருவார். முதலில் எனக்கு அழுகை வந்தது. அப்புறம் பழகிவிட்டது. அதற்கும் அப்புறம், வேண்டுமென்றே எதிரே போக ஆரம்பித்தேன். ஒரே காலையில் அவரை மூன்று டம்ளர் குடிக்க வைத்த நாள்கூட உண்டு.

வில்பிரட் அந்தக் கண்ணாடி அறையின் ஆபரேட்டர். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவிலேயே மாடி அறையில் குடியிருந்தான். நாசரேத் பக்கத்துப் பையன், இருபத்தாறு வயது, சட்டையை இஸ்திரி போடாமல் வெளியே வரமாட்டான். அந்த இஸ்திரியெல்லாம் எதற்காக என்று எனக்குத் தெரியும். இரண்டு வீடு தள்ளி வேதசிரோமணி வாத்தியாரின் பெண் புஷ்பம் இருந்தாள். ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் இருவரும் பத்தடி தள்ளித்தான் நடப்பார்கள். ஆனால் பத்தடி என்பது தினமும் அதே பத்தடியாக இருந்தால், பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் புரியாதா? வாத்தியாருக்கும் புரிந்தது. அவர் மனைவி தபீதாள் குழாயடியில் என்னிடம் சொன்னாள்: பையன் தங்கம்தான், ஆனால் வேலை நிரந்தரம் ஆகவில்லையாம், நிரந்தரமான காகிதம் கைக்கு வந்த பிறகுதான் சர்ச்சில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கக் கொடுப்பாராம். தவறினால் திருச்சியில் வேறு ஓர் இடம் தயாராக இருக்கிறதாம். வில்பிரட்டின் தகுதிகாண் காலம் அந்த மாதம் முப்பதாம் தேதியோடு முடிகிறது. அவன் தலைவிதி மானேஜரின் கையெழுத்தில் இருந்தது. அதாவது, அந்த விரல்களில்.

அந்தச் சமயத்தில்தான் இரண்டாவது டேப் பீரோ வந்து சேர்ந்தது.

பீரோ என்று நாங்கள்தான் சொல்லுவோம். டேப் டிரைவ் என்பது அதன் நிஜப் பெயர். ஆள் உயரம், கண்ணாடிக் கதவு, உள்ளே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு டேப் சுற்றிய சக்கரங்கள் ஓடும். முன்பே ஒன்று இருந்தது. ஒரு மோட்டார் கம்பெனியின் உதிரி பாகங்கள் நாற்பத்தோராயிரத்தின் விவரமும் ஒரே ஒரு டேப்பில் இருந்தது. நாங்கள் ஐந்து பேர் ஏழு மாதம் அடித்த கார்டுகளிலிருந்து ஏற்றியது அது. அந்தக் கார்டுகள் எங்கே என்றால், மானேஜர் அவற்றைப் பின்கட்டுக் கொட்டகையில் அடுக்கச் சொன்னார். ஐப்பசி மழையில் கூரை ஒழுகி அவ்வளவும் ஊறிப் போய், புளித்த தோசை மாவு மாதிரி வீங்கி நாறியது. வண்டி வைத்து ஏரிக்கரையில் கொட்டினார்கள். ஆகவே, அந்த ஒரு டேப் போனால் எல்லாம் போச்சு. அதற்கு ஒரு காப்பி எடுத்து வைக்கத்தான் இரண்டாவது பீரோ.

அதைப் பொருத்தி ஓட வைத்தால் வேலை நிரந்தரம் என்று பம்பாயிலிருந்து டைரக்டர் எழுதியிருந்தார். வில்பிரட் மூன்று நாள் வீட்டுக்கே சரியாக வரவில்லை. தரையில் மல்லாந்து படுத்து, கை மொத்தத்தில் கேபிள்களைச் சொருகினான். டேப் உரசுகிற இடத்தை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் குழந்தைக்குக் காது துடைப்பதுபோலத் துடைத்தான். கடைசியில் நம்பர் சக்கரம். ஒவ்வொரு பீரோவின் நெற்றியிலும் கட்டைவிரலால் உருட்டுகிற ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். ஒரு துவாரத்தில் ஒரு எண் தெரியும். கம்ப்யூட்டர் பீரோவை அந்த எண்ணை வைத்துத்தான் அடையாளம் தெரிந்துகொள்ளும். ஒன்றாம் நம்பரிலிருந்து படி, எட்டாம் நம்பரில் எழுது என்றுதான் புத்தகத்திலிருந்த காப்பி புரோகிராம். ஆகவே பழைய பீரோ ஒன்று, புது பீரோ எட்டு.

சோதித்துப் பார்க்க ஏதாவது பன்னிரண்டு பெயர் அடித்துக் கொடுங்கள் அக்கா என்றான். நான் எங்கள் தெருப் பெண்கள் பன்னிரண்டு பேரின் பெயரை அடித்துக் கொடுத்தேன். எட்டாம் நம்பரில் புது டேப் போட்டு அவற்றை எழுதினான், திரும்பப் படித்தான், காகிதத்தில் அச்சடித்தும் பார்த்தான். தெருவே வரிசையாக வந்தது. அவன் சிரித்ததை அந்த மூன்று நாளில் அப்போதுதான் பார்த்தேன்.

சாயந்திரம் மானேஜர் வந்து புது பீரோவின் நெற்றியைப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. எட்டு என்றால் சனியாம். எட்டு கூட்டுத்தொகை வருகிற பஸ்ஸில் ஏறமாட்டார். அதற்காகவே பாதி நாள் லேட்டாக வருவார். எண்ணை மாற்றச் சொன்னார். மாற்றினால் புரோகிராம் கார்டுகளையும் மாற்ற வேண்டும் சார், இரண்டுக்கும் ஒரே நம்பர் வைத்தாலும் குழப்பம், நாளைக்கு ஒரு நாள் இப்படியே இருக்கட்டும் என்று வில்பிரட் கெஞ்சினான். மானேஜர் ஒரு சிட்டிகை இழுத்துக்கொண்டு, பழைய பீரோவில் எரிந்த சிவப்பு விளக்கைக் காட்டி அது என்ன என்றார்.

அதற்கு வில்பிரட் பொறுமையாக விளக்கம் சொன்னான். டேப் சக்கரத்தின் முதுகில் ஒரு பிளாஸ்டிக் வளையம் மாட்ட இடம் உண்டு. வளையம் இருந்தால் அந்த டேப்பில் எழுதலாம். இல்லாவிட்டால் படிக்கத்தான் முடியும், தலைகீழாக நின்றாலும் எழுதாது. அசல் டேப்பில் யாரும் தப்பித் தவறிக்கூட எழுதிவிடக்கூடாது என்பதற்காக அவன் வளையத்தைக் கழற்றி வைத்திருக்கிறான். வளையம் இல்லை என்பதற்கு அடையாளம்தான் சிவப்பு விளக்கு.

மானேஜர் தலையை ஆட்டினார். அவர் தலையாட்டினால் பாதிதான் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. டைரக்டர் காலை விமானத்தில் வருகிறார், அவர் முன்னால் காப்பி எடுத்துக் காட்டவேண்டும். பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும் என்பதால் அதற்குள் பூஜை. வில்பிரட் அதிகாலையிலேயே பழையதில் அசலையும், புதியதில் அந்தச் சோதனை டேப்பையும் மாட்டித் தயாராக வைத்தான். அவனையே காரில் மீனம்பாக்கத்துக்கு அனுப்பினார் மானேஜர். போகும்போது அவன் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"சார், எல்லாம் ரெடி. நான் வர்ற வரைக்கும் எதையும் தொடவேணாம். மாலை போடுறதுன்னா கதவுக்கு வெளியவே போட்டுடுங்க சார்."

விமானம் தாமதம். வந்த பிறகு காருக்குப் பல்லாவரம் சந்தைக் கூட்டத்தைத் தாண்ட முடியவில்லை. வெள்ளிக்கிழமைச் சந்தை என்பது தெரிந்த விஷயம்தான். மானேஜர் பஞ்சாங்கத்தைப் பார்த்தார், சந்தையை மறந்துவிட்டார். மணி பத்தடித்தது. பத்தே கால் ஆயிற்று. அன்றைக்கு என்னைக் கண்ணாடி அறைப் பக்கமே வரக்கூடாது என்று முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் நான் என் இடத்திலிருந்தே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தடுப்பு போட்டால்தானே எனக்குப் பார்வை கூர்மையாகும்.

மானேஜர் தேங்காய் உடைத்தார். இரண்டு பீரோவுக்கும் சந்தனம் தெளித்தார். பிறகு எட்டின் மேல் பார்வை போனது. அறை வாசலில் துடைப்பத்தோடு நின்ற கன்னியம்மா என்னிடம் ஓடிவந்தாள்.

"இன்னா லோகாம்மா, அந்தாளு பொடி போட்ட கையோட பொட்டிய நோண்டிகினு கீறாரு. வில்பிரட்டு தொடாதேன்னு சொல்லிட்டுத்தான போச்சு?"

நான் எழுந்து கண்ணாடியை ஒட்டி நின்றேன். புது பீரோவின் நம்பர் சக்கரத்தை எட்டிலிருந்து உருட்டி ஒன்றுக்குக் கொண்டுவந்தார். துவாரத்தில் தெரிந்த அந்த ஒன்றின் மேல் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தார். இரண்டுக்கும் ஒரே நம்பர் இருக்கக்கூடாது என்று வில்பிரட் சொன்னது அந்தப் பாதித் தலையாட்டலில் உள்ளே போயிருந்தது போலும். பழைய பீரோவை எட்டுக்கு உருட்டிவிட்டார். வயசானது, சனியைத் தாங்கும் என்று நினைத்திருப்பார். அதோடாவது விட்டாரா? சிவப்பு விளக்கு கண்ணை உறுத்தியது. சுபவேளையில் சிவப்பு எரியலாமா? பழைய பீரோவின் கதவைத் திறந்து, டேப்பைக் கழற்றி, மேஜை மேல் கிடந்த வளையத்தை எடுத்து அதன் முதுகில் அழுத்தி மாட்டினார். சுற்றி நின்றவர்களிடம் அப்போது அவர் சொன்னது கண்ணாடியைத் தாண்டி எனக்கும் கேட்டது. எனக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்ன குரல் அது.

"நல்ல நாளும் அதுவுமா மூளியா நிக்கவிடலாமா? ஆபீஸ்ல ஒண்ணு அப்படி இருக்கறது போதாதா?"

நாலு பேர் சிரித்தார்கள்.

டேப்பை மாட்டினார். சிவப்பு அணைந்தது. பத்து இருபத்தெட்டுக்குப் பொத்தானை அமுக்கினார். சக்கரங்கள் கண்மூடித் திறப்பதற்குள் கொஞ்சம் ஓடி நின்றுவிட்டன. கம்ப்யூட்டரின் டைப்ரைட்டர் தானாக ஒரு வரி அடித்தது: வேலை முடிந்தது, பன்னிரண்டு. எல்லோரும் கைதட்டினார்கள். நாற்பத்தோராயிரத்துக்குப் பதிலாகப் பன்னிரண்டு என்று அடித்திருக்கிறதே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. விசேஷம் முடிந்தது என்று மானேஜர் இரண்டு சக்கரத்தையும் பழையபடியே உருட்டி வைத்தார். புது பீரோ எட்டு, பழையது ஒன்று. அதே கையால் பூந்தி கொடுத்தார். என் பங்கைக் கன்னியம்மா கொண்டுவந்தாள். நான் அதைக் காகிதத்தோடு குப்பைக்கூடையில் போட்டேன். அவளும் தன்னுடையதைப் போட்டாள்.

பதினொன்றேகாலுக்கு டைரக்டர் வந்தார். வெள்ளைச் சட்டை, தோல் நாற்றத்துக்கு மூக்கில் கைக்குட்டை. அதுதான் முடிந்துவிட்டதே என்றார் மானேஜர். வில்பிரட்டின் முகம் மாறியது. காப்பி எடுத்த டேப்பிலிருந்து ஒரு பக்கம் அச்சடித்துக் காட்டச் சொன்னார் டைரக்டர். அச்சடித்தான். அவர் காகிதத்தைக் கையில் எடுத்துச் சத்தமாகப் படித்தார்.

"அபிதகுஜாம்பாள். ரத்தினபாய். தபீதாள். யாரய்யா இவங்க? எந்த மோட்டார்ல மாட்டுற பாகம்?"

வில்பிரட் ஓடிப்போய் அசல் டேப்பைப் போட்டு அச்சடித்தான். அதிலும் அபிதகுஜாம்பாள், ரத்தினபாய், தபீதாள். ஒன்றிலிருந்து படித்து எட்டில் எழுது என்றால், கம்ப்யூட்டர் அதைத்தான் செய்திருக்கிறது. அந்த நேரத்தில் ஒன்று என்று பொட்டு வைத்துக்கொண்டு நின்றது சோதனை டேப் இருந்த புது பீரோ. எட்டு என்று நின்றது அசல். எங்கள் தெருப் பெண்கள் பன்னிரண்டு பேரும் நாற்பத்தோராயிரம் உதிரி பாகங்களின் தலைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். மிச்சத்தை இனி எந்த பீரோவும் ஒழுங்காகப் படிக்காதாம். எங்கள் ஐந்து பேரின் ஏழு மாதம் ஒரு நொடியில் போய்விட்டது.

வில்பிரட் அசல் டேப்பைக் கழற்றித் திருப்பினான். முதுகில் வளையம்.

"இத நான் போடலை சார். காலைல நான் மாட்டுறப்போ இது இல்ல."

மானேஜர் பீரோக்களின் நெற்றியைக் காட்டினார். ஒன்று, எட்டு. நம்பர் வைத்தது இந்தப் பையன்; டேப் மாட்டியது இந்தப் பையன்; பொத்தானை மட்டும்தான் நான் அமுக்கினேன் என்றார். கூட நின்ற நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். டைரக்டர், திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்று வில்பிரட்டிடம் சொன்னார். அவன் டேப்பை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றான்.

இதெல்லாம் நடக்கும்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். பொய் சொல்வானேன். என் வேலையும் அதே விரல்களின் கையெழுத்தில்தான் இருந்தது. வாயைத் திறப்பதா வேண்டாமா என்று நினைத்துக்கொண்டே இருந்துவிட்டிருப்பேன். ஆனால் அப்போது மானேஜர் ஒரு காரியம் செய்தார். வில்பிரட்டின் தோளில் கை வைத்து, அந்த இஸ்திரிச் சட்டையில் பழுப்பு விரல்களைப் பதித்து, சின்ன வயசு சார், கவனக்குறைவு, கேஸ் கீஸ் என்று போகவேண்டாம், மன்னித்துவிடுங்கள் என்று டைரக்டரிடம் சிபாரிசு செய்தார். கண்ணில் ஈரம்கூட இருந்தது.

எழுந்து கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். ஏ.சி. குளிர் முகத்தில் அடித்தது. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்த அறைக்குள் அன்றைக்குத்தான் கால் வைத்தேன். ஏம்மா, இங்கே எதற்கு என்றார் மானேஜர். நான் அவரைப் பார்க்கவில்லை. புது பீரோவின் நெற்றியில் கட்டைவிரலை வைத்து எட்டிலிருந்து உருட்டினேன். ஒன்பது, பூஜ்யம், ஒன்று.

துவாரத்தில் ஒன்று வந்தது. அதன் மேல் சந்தனமும் நடுவில் குங்குமமும்.

"உள்ள ஒளிஞ்சிருந்த நம்பருக்குப் பொட்டு வைக்க முடியுமா சார்?" என்றேன். "பூஜை நேரத்துல இது ஒண்ணா இருந்திச்சு. அப்புறம் எட்டாச்சு. வளையத்தையும் இவரே மாட்டினாரு. மூளியா இருக்கக்கூடாதாம்."

"நானும் பாத்தேன்," என்று வாசலிலிருந்து கன்னியம்மா சொன்னாள். "பொடி போட்ட கையோட."

டைரக்டர் குனிந்து அந்தப் பொட்டைப் பார்த்தார். மானேஜர் கைக்குட்டையை எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடி உள்ளே வைத்தார். எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, டைரக்டர் மானேஜரையும் வில்பிரட்டையும் மட்டும் தன் அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

என் கட்டைவிரலில் குங்குமம் ஒட்டியிருந்தது. கழுவ வேண்டுமே என்று டீ போடுகிற இடத்துக்குப் போனேன். அந்த இடத்துக்கும் டைரக்டர் அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான் என்பதும் எனக்குத் தெரியும். குழாயை மெதுவாகத் திறந்தேன்.

டைரக்டரின் குரல் சாவகாசமாக இருந்தது. பூஜை போட்டு டேப்பை அழித்தோம் என்று மோட்டார் கம்பெனிக்கு எழுத முடியுமா? ஊரே சிரிக்கும். பீரோ வரும்போதே பழுது, தானாக எழுதிவிட்டது, அவ்வளவுதான் நடந்தது. ஆபரேட்டர் அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டால் விஷயம் முடிந்தது. நிரந்தர உத்தரவை நான் இன்றைக்கே தருகிறேன். சாம்பசிவன் மானேஜராகவே இருக்கட்டும், அனுபவஸ்தர். பன்னிரண்டு பெயரைக் கொடுத்தது அந்தம்மாவா? கார்டு வேகமாக அடிப்பார்களா? சரி, முதலிலிருந்து அடிக்கட்டும்.

வில்பிரட் ஏதாவது சொல்வான் என்று குழாயை மூடிவிட்டுக் காத்திருந்தேன். பேனா மூடி கழற்றுகிற சத்தம்தான் கேட்டது.

சாயந்திரம் ரயிலில் எதிர் சீட்டில் வந்து உட்கார்ந்தான். தோளில் பழுப்புக் கறை அப்படியே இருந்தது. சானடோரியம் ஸ்டேஷன் தாண்டியதும் குனிந்து சொன்னான்.

"அக்கா, நீங்க சொன்னதாலதான் அவரு என்னைக் கூப்பிட்டுப் பேசினாரு. இல்லாட்டி நான் இன்னைக்கே வீட்டுக்கு."

"ஆமாம்."

"நான் கையெழுத்துப் போடலைன்னா புஷ்பம் திருச்சிக்குப் போயிடுவாக்கா."

"போட்டாச்சுல்ல. உத்தரவைப் பத்திரமா வை. அதுக்குக் காப்பி கீப்பி எடுக்கறேன்னு கிளம்பாதே."

அவன் முகம் சுண்டிப்போயிற்று. போகட்டும்.

தை மாதம் கல்யாணம். ஓலை வாசித்த மூன்று ஞாயிறும் தபீதாள் எனக்குச் சொல்லியனுப்பினாள். தாம்பரத்தில் மண்டபம், மட்டன் பிரியாணி, ஐஸ்கிரீம். எங்கள் தெருப் பெண்கள் பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள். தாங்கள் எதை அழித்தோம் என்று தெரியாமல் சாப்பிட்டார்கள். முதல் வரிசையில் மாலை போட்டு உட்காரவைத்திருந்தது யாரை என்று நினைக்கிறீர்கள்? சாம்பசிவனைத்தான். ஒன்றாம் நம்பர் நாற்காலி கேட்டு வாங்கியிருப்பார். மேடையேறி, ஒரு சிட்டிகை இழுத்துக்கொண்டு, மாப்பிள்ளையின் கையை அந்த விரல்களால் பிடித்துக் குலுக்கினார். வில்பிரட் குனிந்து சிரித்தான். புஷ்பம் மட்டும் தன் முறை வந்தபோது கையை நீட்டாமல் கும்பிட்டாள். அந்தப் பெண்ணைப் பற்றி எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை உண்டு.

நான் மேடைக்குப் போகவில்லை. பரிசுப் பொட்டலத்தைத் தபீதாளிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். பிரியாணியைக் குறை சொல்ல முடியாது.

திங்கட்கிழமை காலை மானேஜர் உள்ளே நுழையும்போது சரியாக எதிரே போனேன். அவர் தண்ணீர் குடிக்கத் திரும்பினார். நான் போய் உட்கார்ந்து, முதலிலிருந்து அடிக்க ஆரம்பித்ததில் ஒன்பதாயிரத்து நூற்று நாற்பதாவது கார்டை மெஷினில் வைத்தேன். ஓரத்தில் புதிதாக ஒரு பழுப்புக் கோடு இருந்தது.